சாய்மனைக் கதிரையில் மொன்றியல் போக முடியாது

ஸ்காபரோவின் கிழக்கு மூலையில், ரூஜ் ஆற்றை அண்டி வாழும் எங்கள் ஆட்களில் மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கிற எவருக்கும் கிடைக்கிற புத்திமதி ஒன்றுதான். "தூரம் ஓடப் போறியள் எண்டால் குரூசரை எடுங்கோ அண்ணை. சாஞ்சு இருந்துகொண்டு போகலாம், நாரி நோகாது. டூரிங் வண்டியெல்லாம் பென்சன் எடுத்த வெள்ளைக்காரருக்கு. எங்கட உயரத்துக்கு அது சரிவராது." கலியாண வீட்டிலும் இதைக் கேட்கலாம், கோயில் வாகனத் தரிப்பிடத்திலும் கேட்கலாம். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்லப்படுவது தலைகீழ். குரூசர் கிட்டத்துப் பயணத்துக்கு உகந்த வண்டி. தூரம் போவதற்கென்றே கட்டப்பட்டதைக் கிழவர் வண்டி என்று தள்ளிவிட்டு, கிட்டத்து வண்டியில் நெடுந்தூரம் போய், திரும்பி வந்து முதுகுக்கு எண்ணெய் போடுகிறோம்.

இப்படி எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும்.

எதை எதுவென்று சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிவிடலாம். குரூசரில் இருக்கை தாழ்வு: ஹொண்டா ரெபெல் 500-இல் நிலத்திலிருந்து 690 மில்லிமீற்றர், கவாசாகி வல்கன் எஸ்-இல் 705. பெரும்பாலானவற்றில் கால்கள் முன்னால் நீளும், கைபிடி உயர்ந்து ஓட்டுபவரை நோக்கி வளையும், முன்சில்லு வண்டியின் உடலைவிட்டுத் தள்ளி நிற்கும். காற்றை மறிக்க எதுவும் இராது. டூரிங் வண்டியில் கால்மிதி தொடைக்குக் கீழே, முதுகு நிமிர்ந்து, சில வேளை சற்றே முன்னோக்கி. முன்னால் கண்ணாடியும் கவசமும், பக்கங்களில் பெட்டிகள், பெரிய பெற்றோல் தாங்கி. டூரிங் என்றவுடன் எல்லோருக்கும் ஹொண்டா கோல்ட் விங் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்த இனத்தில் அது யானை. சுசுக்கி வி-ஸ்ட்ரோம் 650 போன்ற நடுத்தர வண்டிகளும் அதே வேலைக்கு ஓடுகின்றன.

இனி நாரிக்கு வருவோம். சாய்ந்து இருப்பது சுகம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையிலிருந்துதான். அதில் சாய்ந்தால் சுகமாக இருப்பதற்குக் காரணம் முதுகுக்குப் பின்னால் துணியோ பிரம்போ இருப்பது. குரூசர் அந்தக் கதிரையின் முதுகை வெட்டியெடுத்துவிட்டுக் காலை மட்டும் நீட்டச் சொல்கிறது. தாங்குவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கால் முன்னால் போனவுடன் இடுப்பு பின்புறமாகச் சுழல்கிறது, நாரியின் இயல்பான உள்வளைவு குலைகிறது, மேலுடம்பின் பாரம் முழுவதும் வால் எலும்பின் அடியில் கையகல இடத்தில் இறங்குகிறது. காலால் பாரத்தில் ஒரு பங்கையும் வாங்க முடியாது. முன்னால் நீட்டிய காலை ஊன்றி எவரும் எழும்புவதில்லை. ஐயம் இருந்தால், இப்போது இருக்கிற கதிரையில் கால் இரண்டையும் நேரே நீட்டிக்கொண்டு, கைகளால் எதையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள்.

டூரிங் வண்டியில் கால்மிதி உடம்புக்குக் கீழே இருப்பதால் பாரம் இருக்கை, கால், கை என்று மூன்றாகப் பிரிகிறது. குழி வருவது தெரிந்தால் இரண்டு அங்குலம் எழும்பலாம். முழங்கால் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பார்க்கிறவருக்கு அது அலுவலகக் கதிரையில் இருப்பதுபோல் அழகில்லாமல்தான் தெரியும். தெரியட்டும்.

கடையில் இது எதுவும் புலப்படாது என்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். கடையில் குரூசரில் ஏறினால் இரண்டு காலும் நிலத்தில் முழுதாகப் பதிகின்றன, உடம்பு தளர்கிறது, மனசு குளிர்கிறது. ஐந்து நிமிடச் சுகத்தில் குரூசரை வெல்ல எந்த வண்டியாலும் ஆகாது. தூரப் பயணத்தில் தேவைப்படுவது மூன்றாவது மணித்தியாலத்தின் சுகம். அதைக் கடையில் விற்பதில்லை.

மாகாணச் சட்டமும் தெரியாத்தனமாக இந்த மயக்கத்துக்குத் துணைபோகிறது. ஒன்ராறியோவில் புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு எம்1 அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அது 90 நாள் செல்லும்; குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இருட்டில் ஓடக்கூடாது, பின்னால் ஆளை ஏற்றக்கூடாது, மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லை உள்ள நெடுஞ்சாலைகளில், வடக்கே போகும் சிலவற்றைத் தவிர, ஏறக்கூடாது. நல்ல சட்டம். பலர் உயிரோடு இருப்பதற்கு அது காரணம். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள்: எங்கள் பையன் தன் வண்டியைப் பற்றி முதல் தீர்ப்பு எழுதுகிற இரண்டு மாதமும் 401 நெடுஞ்சாலையின் காற்று அவன் மார்பில் படுவதே இல்லை. மெடோவேல் வீதியால் மிருகக்காட்சிசாலைப் பக்கம் போய் வருகிறான். லோறன்ஸ் அவெனியூ முடிகிற இடத்தில், ஆறு ஏரியில் விழும் கடற்கரைக்குப் போய் நண்பர்களோடு நிற்கிறான். கிங்ஸ்ரன் வீதியில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு போகிறான். அங்கெல்லாம் குரூசர் சொர்க்கம்தான். அந்தச் சொர்க்கத்தை வைத்துக்கொண்டு, "மொன்றியலுக்கும் இதிலயே போகலாம்" என்று தம்பிமாருக்குச் சொல்லத் தொடங்குகிறான். புத்திமதி பிறக்கிற இடம் இதுதான்.

மொன்றியலுக்கு நாங்கள் போகாமல் இருப்பதில்லை. மாமி வீடு, மச்சாள் வீடு, கலியாணம், அந்தியேட்டி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருக்கும். ரூஜிலிருந்து 401-இல் ஏறுகிற போர்ட் யூனியன் வீதிச் சந்தியின் இலக்கம் 390. அந்த இலக்கங்கள் நெடுஞ்சாலை தொடங்கும் வின்சர் பக்கத்திலிருந்து எண்ணப்படும் கிலோமீற்றர்கள். 401-இன் முழு நீளம் 828. ஆக, கியூபெக் எல்லையைத் தொடுவதற்கே ஏறத்தாழ 440 கிலோமீற்றர், அதற்குப் பிறகும் மொன்றியல் வரை கொஞ்சம் இருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும், ரூஜில் இருப்பவரின் எந்தத் தூரப் பயணத்துக்கும் முதல் பத்து நிமிடத்துக்குள் 401 வந்துவிடும். கலிபோர்னியாக் கடற்கரைச் சாலையை மனதில் வைத்துச் செய்த விளம்பரத்தைப் பார்த்து இங்கே வண்டி வாங்குவதில் உள்ள கோளாறு இது.

அந்த நெடுஞ்சாலையில் உங்கள் எதிரி தூரம் அல்ல, காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தள்ளல் நான்கு மடங்கு. கிங்ஸ்ரன் வீதியில் 50-இல் முகத்தைத் தடவிய அதே காற்று, 401-இல் 100-இல் நான்கு மடங்கு பலத்தோடு நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பாரவூர்தி ஒன்றின் பின்னால் போனால் அது தள்ளலாகவும் இராது, உதறலாக இருக்கும். குரூசரில் உடம்பு பாய் விரித்ததுபோல் நிமிர்ந்து சாய்ந்து நிற்கிறது. கைகள் அகலத் திறந்திருக்கின்றன. கால்கள் முன்னால் இருப்பதால் அவற்றை ஊன்றி முன்னோக்கிச் சாயவும் வழியில்லை. ஆகவே தள்ளல் முழுவதையும் எதிர்ப்பது விரல்கள். போர்ட் யூனியனிலிருந்து கிழக்கே ரென்ரன் வரை 135 கிலோமீற்றர் விரலால் தொங்கிக்கொண்டு போகிறவர் வண்டி ஓட்டவில்லை, கம்பி பிடித்து நிற்கிறார். சற்று முன்னோக்கிய இருப்பில் இதே காற்று உதவிக்கு வருகிறது. மேலுடம்பின் பாரத்தில் ஒரு பகுதியை அது தாங்குகிறது, கை இளகுகிறது. கவசம் இருந்தால் தாங்க வேண்டிய காற்றே குறைவு. 1976-இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்100ஆர்எஸ் வண்டிக்குக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து முழுக் கவசம் வடிவமைத்தது இதற்காகத்தான்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் காலை வெப்பநிலை 8 பாகை என்று வைப்போம். நடந்து போகிறவருக்கு அது ஒரு ஜக்கெற் காலம். 100-இல் போகிற உடம்புக்கு, காற்றுக் குளிர்ச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், அது ஏறத்தாழ 1 பாகை. "எங்கட சீசனே ஆறு மாசம், இதுக்குப் போய் டூரிங் வண்டியோ" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. சீசன் சுருக்கமாக இருக்கிற நாட்டில்தான் கவசத்துக்கும் சூடாகும் கைபிடிக்கும் பெறுமதி அதிகம். அல்கொங்குவின் பூங்கா ஊடாகப் போகும் 60-ஆம் நெடுஞ்சாலையில் மேப்பிள் இலை சிவப்பது செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் தொடக்கத்திலும். ஒன்ராறியோவில் வண்டி வைத்திருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அந்த வாரத்தில் குரூசர்காரர் பலர் வண்டியை மூடிக் கராஜில் வைத்துவிட்டுக் காரில் குடும்பத்தோடு போகிறார்கள்.

வீதியைப் பற்றியும் ஒரு சொல். இந்த ஊரில் பனிக்காலம் முடிந்ததும் தார் உப்பி, வெடித்து, குழியாகிறது. தாருக்கு அடியில் இறங்கிய நீர் உறைந்து இளகுவதால் வரும் விளைவு. எந்த நகரசபையும் இதை வென்றதில்லை. இருக்கையைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காகக் குரூசர் செய்கிறவர்கள் முதலில் வெட்டுவது பின் ஷொக்கின் அசைவைத்தான். ஹார்லி-டேவிட்சனின் ஃபோர்ட்டி-எயிற் என்ற அழகிய வண்டியில் பின்சில்லு மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 41 மில்லிமீற்றர். கோல்ட் விங்கில் அது அதன் இரண்டரை மடங்கு. எழும்ப முடியாத இருப்பு, அசைய இடமில்லாத ஷொக், மார்ச் மாதத்துக் குழி: இந்த மூன்றும் சந்திக்கிற இடம் உங்கள் நாரி. அதே ஃபோர்ட்டி-எயிற்றின் தாங்கி கொள்ளும் பெற்றோல் 7.9 லீற்றர். போர்ட் யூனியனில் நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் ரென்ரனில் போய்ச் சேர்வதற்கு முன் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொள்வது நல்லது. பி.எம்.டபிள்யூ ஆர்டியின் தாங்கி ஏறத்தாழ 25 லீற்றர், வி-ஸ்ட்ரோம் 650-இன் தாங்கி 20. எந்த வண்டி எதற்காக வரையப்பட்டது என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை மறைக்க நான் விரும்பவில்லை. ஒன்ராறியோவின் தெற்கில் வீதிகள் நேர்கோடு. நிலம் அளந்த காலத்துக் கட்டம் இன்னும் அப்படியே கிடக்கிறது. முன்கவை சரிந்து, சில்லுகளுக்கிடையே தூரம் நீண்ட வண்டி நேர்கோட்டில் அசையாமல் போகும், தாழ்ந்த சுழற்சியிலேயே இழுவை கொடுக்கும் எஞ்சினுக்குக் கியர் மாற்றும் வேலையும் குறைவு. இவை இரண்டும் உண்மை. ஆனால் நேர்வீதியில்தான் உடம்பு ஒரே நிலையில் உறைந்து கிடக்கிறது. வளைவு இருந்தால் இடுப்பு நகரும், தோள் திரும்பும், கால் அழுத்தும், இரத்தம் ஓடும். இரண்டு மணித்தியாலம் ஆடாமல் இருக்க வேண்டிய இடத்தில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது இன்னும் முக்கியமாகிறது. நேர்வீதி குரூசருக்குச் சாட்சி சொல்ல வந்து எங்கள் பக்கம் சேர்ந்துவிடுகிறது.

வளைவே இல்லாத மாகாணமும் அல்ல இது. பக்ஹோர்னுக்கும் குடர்ஹாமுக்கும் இடையே 507-ஆம் இலக்க வீதி இருக்கிறது. ஓடத் தெரிந்தவர்கள் அதற்காகவே அங்கே போகிறார்கள். பல குரூசர்களில் வண்டியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்ததுமே கால்பலகை தரையை உரசும். நிமிர்ந்த இருப்புள்ள டூரிங் வண்டிகள் பலவற்றில் 40 பாகை வரை போகலாம். பத்துப் பாகைதானே என்று நினைக்காதீர்கள். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை 30 பாகையில் திரும்பினால் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான் எல்லை. 40 பாகையில் 73. வேகம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. உள்ளே போன பிறகு வளைவு எதிர்பார்த்ததைவிட இறுகினால், அல்லது நடுவில் மான் நின்றால், கையில் மிச்சமிருக்கும் இடம் அந்தப் பதின்மூன்று கிலோமீற்றர். ரூஜ் பள்ளத்தாக்கில் மான் நிற்பது புதினமும் அல்ல.

உயரப் பிரச்சினைக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஆட்களை உண்மையில் பயமுறுத்துவது அதுதான். ஐந்தடி ஐந்து அங்குலக்காரருக்கு 835 மில்லிமீற்றர் இருக்கை சிரமம், மறுக்கவில்லை. ட்வின் ரிவர்ஸ் சரிவில், ஒடுங்கிய வளைவில், எதிரே கார் வர நிறுத்திக் கால் ஊன்ற வேண்டியிருக்கும்போது தாழ்ந்த இருக்கை ஒரு வரம். ஆனால் "டூரிங் என்றால் உயரம்" என்பது பார்க்காமல் சொல்கிற கதை. யானை என்று மேலே சொன்ன கோல்ட் விங்கின் இருக்கை உயரம் 745 மில்லிமீற்றர்! சென்னைக்கு அருகே செய்து இங்கே வந்திறங்கும் ரோயல் என்ஃபீல்ட் மீற்றியோர் 350 என்ற குரூசரின் இருக்கை 765. யானை இரண்டு சென்ரிமீற்றர் குள்ளம். ஏறத்தாழ 380 கிலோ எடையுள்ள அந்த வண்டியைப் பின்னுக்குத் தள்ள முடியாதே என்பீர்கள். 1988-இல் ஆறு சிலிண்டராக மாறியபோதே அதற்குப் பின்னோக்கிச் செல்லும் வசதி வந்துவிட்டது. எடைதான் கவலை என்றால் குரூசர் பக்கம் போகவே கூடாது. ஹார்லி ஃபற் போய் 315 கிலோவுக்கு மேல். வி-ஸ்ட்ரோம் 650 அதைவிட நூறு கிலோ குறைவு. தாழ்வாக இருப்பதால் பாரம் தெரிவதில்லை, அவ்வளவுதான். சாய்ந்து விழுந்த பிறகு தூக்கிப் பாருங்கள், தெரியும். பல டூரிங் வண்டிகளுக்குத் தாழ்ந்த இருக்கையை உற்பத்தியாளரிடமே கேட்டு வாங்கலாம். முன்னால் நீண்டுபோன கால்மிதியைப் பின்னுக்குக் கொண்டுவருவது அதைவிடச் செலவு.

இனி ஒரு அழகான வாதம் வரும். "மனசு இருந்தால் எதிலயும் போகலாம், இந்தியாவில பெடியள் சின்னப் பைக்கில லடாக் போறாங்கள்." உண்மைதான், போகிறார்கள். அது அந்தப் பையன்களின் மனவுறுதிக்குச் சான்று, அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அவர்கள் போகிற நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளின் இருப்பைக் கவனித்தீர்களா? கால் தொடைக்குக் கீழே, முதுகு நிமிர்ந்து. யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாமார் ஓடிய ஹொண்டாக்களும் அப்படித்தான். எம்டி 90-இல் நாள் முழுவதும் ஓடினார்கள், பொருளாதாரத் தடை நாட்களில் மண்ணெண்ணெய் கலந்தும் ஓடினார்கள், பின்னால் ஒரு மூட்டையும் அதற்குப் பின்னால் ஒரு ஆளும். ஒருவரும் காலை முன்னால் நீட்டிக்கொண்டு போகவில்லை. 1955 முதல் சென்னையில் செய்யப்பட்டு வரும் புல்லட்டும் நிமிர்ந்த இருப்புள்ள வண்டிதான். தூரத்துக்குப் புல்லட் என்று பெயர் எடுத்ததில் அந்த இருப்புக்கும் பங்குண்டு. சாய்ந்து ஓடுவது எங்கள் மரபில் இல்லை; விளம்பரத்தோடு வந்து சேர்ந்தது.

அந்த ரோயல் என்ஃபீல்ட் நிறுவனத்தையே கேட்டுப் பார்க்கலாம். குரூசர் விற்றுப் பழகிய நிறுவனம். மலைப்பாதைகளில் நெடும்பயணம் போகிறவர்களுக்கென்று 2016-இல் ஒரு வண்டி கொண்டுவந்தபோது குரூசருக்குப் பெட்டி மாட்டி அனுப்பவில்லை. நிமிர்ந்த இருப்போடு ஹிமாலயன் என்று புதிதாக ஒன்றைச் செய்தார்கள். 2022-இல் அறிமுகமான சூப்பர் மீற்றியோர் 650 என்ற குரூசரில் 'டூரர்' என்றும் ஒரு வகை உண்டு. அதில் கூடுதலாக என்ன இருக்கிறது என்றால் பெரிய கண்ணாடி, வேறு இருக்கை, பின்னால் இருப்பவருக்கு முதுகு சாய ஒரு மெத்தை. அதாவது தூரம் போக என்னென்ன தேவை என்பது செய்கிறவருக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் சொல்லப்படுவதில்லை.

ஹார்லி பக்தர்களுக்கும் இதே பதில்தான். "ஹார்லியில அமெரிக்கா முழுக்கச் சுத்துறாங்கள், நீர் என்ன சொல்லுறீர்?" சுற்றுகிறார்கள், எலெக்ட்ரா கிளைட், ரோட் கிளைட் போன்றவற்றில். எலெக்ட்ரா கிளைட் 1965-இல் வந்தது, 1969 முதல் வௌவால் சிறகு போன்ற கவசம் மாட்டியது. பெட்டியும் கண்ணாடியும் கவசமும் உள்ள அந்த வண்டிகளை ஹார்லி நிறுவனமே தன் பட்டியலில் குரூசருக்குள் வைக்காமல் டூரிங் என்று தனியாக வைத்திருக்கிறது. பெயரில் ஹார்லி இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. அயன் பட் என்ற அமெரிக்கச் சங்கம் 24 மணித்தியாலத்தில் ஆயிரம் மைல், அதாவது 1,609 கிலோமீற்றர், ஓடுகிறவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்தச் சங்கம் நடத்தும் பதினொரு நாள் ஓட்டத்தில் வழக்கமாகக் காணப்படுபவை பி.எம்.டபிள்யூ, கோல்ட் விங், யமஹா எஃப்ஜேஆர், ஹார்லியின் டூரிங் வகை. பல நாடுகளில் பொலிசார் ஓடுவதும் பி.எம்.டபிள்யூ ஆர்டியும் எலெக்ட்ரா கிளைட்டும்தான். நாள் முழுவதும் இருக்கையில் கழிப்பவர்கள் எதைத் தெரிகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

போர்ட் டோவரைக் காட்டுவார்கள். பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமையில் விழும்போதெல்லாம் ஈரி ஏரிக்கரையில் உள்ள அந்தச் சிற்றூரில் மோட்டார் சைக்கிள்காரர் கூடுவது 1981 நவம்பரில் தொடங்கியது. இன்று அது பெருந்திருவிழா. வீதி நிறையக் குரூசர்கள் மின்னிக்கொண்டு நிற்கும். நிற்கும் என்பதுதான் அங்கே வினைச்சொல். வண்டி எங்கே நிற்கிறது என்பதை வைத்து அது எப்படி ஓடியது என்று சொல்ல முடியாது. ஓடி வந்தவர்களிலும் பலர் பாதி வழியில் இருமுறை இறங்கி முதுகை நெளித்தவர்கள். கேட்டால் "அதுதானே பயணம்" என்பார்கள். இருக்கலாம்.

இந்த மயக்கத்தின் வேர் படத்தில் இருக்கிறது. 1969-இல் வந்த 'ஈசி ரைடர்' படத்தில் காலை நீட்டிக்கொண்டு அமெரிக்காவைக் கடந்த அந்த இரண்டு பேரின் உருவம் விளம்பரங்கள் வழியாக இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. (அந்தப் படத்தின் புகழ்பெற்ற வண்டியை உருவாக்கியவர்கள் கிளிஃப் வோஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர், படத்தில் அவர்கள் பெயர் போடப்படவில்லை. இது வேறு கதை, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய கதை.) குரூசரில் போகிறவர் அழகாக இருக்கிறார், அதை நான் மறுக்கப்போவதில்லை. அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை. அழகுக்காக வாங்கிவிட்டு நாரிக்காக வாங்கினேன் என்று அடுத்தவருக்குச் சொல்வதுதான் வழக்கு.

பின்னால் இருப்பவரைப் பற்றி இதுவரை யாரும் பேசாததைக் கவனித்திருப்பீர்கள். தூரப் பயணம் என்று பேச்சு எடுக்கிற எங்கள் ஆண்கள் எல்லோரும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் வீட்டில் சொல்லி அனுமதி வாங்குகிறார்கள். பிறகு வாங்கி வருகிற வண்டியில் பின் இருக்கை ஒரு தோசை அகலம்கூட இல்லை. ஃபோர்ட்டி-எயிற் போன்றவை கடையிலிருந்து வந்தபோதே ஒற்றை இருக்கையோடுதான் வந்தன. மற்றவற்றில் பின்னால் இருப்பவர் சில்லுக்கு நேர் மேலே, எதையும் பிடிக்க இடமில்லாமல், குழி ஒவ்வொன்றையும் தன் எலும்பில் எண்ணிக்கொண்டு வர வேண்டும். "ஒரு தரம் போனன், இனி வரமாட்டன்" என்று சொல்லும் அக்காமாரை எனக்குத் தெரியும். டூரிங் வண்டியை வரைகிறவர் பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று முதலிலேயே எண்ணி வரைகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே, வாங்குவதற்கு முன் வீட்டுக்காரியையும் கடைக்குக் கூட்டிப்போய்ப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். தீர்ப்பு உடனே வந்துவிடும்.

காசு விஷயம் சீக்கிரம் முடியும். கோல்ட் விங் வாங்கக் கைவசம் உள்ளவர் மிகக் குறைவு. ஆனால் நடுத்தர டூரிங் வண்டியும் நடுத்தரக் குரூசரும் விலையில் ஒன்றையொன்று உரசித்தான் நிற்கின்றன. காப்புறுதிக்காரர் நெற்றியைச் சுருக்குவது வேகப் பந்தய வண்டிகளைப் பார்த்து. இந்த இரண்டையும் பார்த்தல்ல. மேலும் குரூசரோடு செலவு முடிவதில்லை. தூரம் போகத் தொடங்கியதும் கண்ணாடி வாங்குகிறோம், பிறகு ஜெல் இருக்கை, பிறகு தோல் பை, பிறகு முதுகு சாயும் கம்பி. ஒவ்வொன்றாக வாங்கி, கடைசியில் பாதி டூரிங் வண்டியைக் கூடுதல் விலைக்குச் செய்து முடிக்கிறோம்.

ஆகவே இந்த வசந்தத்தில் வண்டி எடுக்கப் போகும் ரூஜ்வாசிகளுக்குச் சொல்வது இது. உங்கள் ஓட்டம் பழைய ஃபிஞ்ச் வீதிப் பக்கம்தான் என்றால், 1954-இல் ஹேசல் சூறாவளிக்குப் பிறகு இராணுவப் பொறியாளர்கள் கட்டிய இரும்புப் பாலத்தையும் சூவல்ஸ் வீதியில் உள்ள 1912-ஆம் ஆண்டுத் தொங்கு பாலத்தையும் கடந்து, மாலையில் ஏரிக்கரைக்குப் போய் ஒரு கோப்பி குடித்து வருவதுதான் என்றால், குரூசரை வாங்குங்கள். அதைவிட இனிமையான வண்டி கிடைக்காது. 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் அது அரசன். மொன்றியல், அல்கொங்குவின், சுப்பீரியர் ஏரி என்று மனதில் வரைபடம் விரிகிறது என்றால் அதைத் தொடாதீர்கள். ஐயம் தீரவில்லையா? உற்பத்தியாளர்கள் கோடையில் நடத்தும் சோதனை ஓட்ட நாளொன்றுக்குப் போங்கள், அல்லது எம்1-க்கு அடுத்த அனுமதிப்பத்திரமான எம்2 கிடைத்த பிறகு இரண்டு வகையிலும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுங்கள். போர்ட் யூனியனில் 401-இல் ஏறி, ரென்ரன் வரை நிற்காமல் ஓடிப் பாருங்கள். அங்கே இறங்கி எத்தனை அடி நேராக நடக்க முடிகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு காசைக் கொடுங்கள்.